ஆறாவது வாரத்தில் ஊக்கம் எங்கே போகிறது?

கேள்வி இது: “சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கிய முதல் மாதம் உற்சாகமாகப் போகிறது. ஆறேழு வாரம் ஆனதும் சலித்துவிடுகிறது, எடையும் நகர மறுக்கிறது. மூன்று முறை இப்படியே பாதியில் விட்டாயிற்று. ஊக்கம் குறையாமல் இருக்க என்ன வழி?”

ஊக்கம் குறையாமல் இருக்க எனக்குத் தெரிந்து வழி இல்லை. குறையத்தான் செய்யும். அது குறைந்துபோன நாளிலும் வேலை ஓடும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள முடியும். அதற்கு, ஆறாவது வாரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று முறை ஒரே இடத்தில் சறுக்கினீர்கள் என்றால், வழுக்குவது அந்த இடம்தான். உங்கள் குணத்தைக் குறை சொல்ல அதில் எதுவும் இல்லை.

முதல் மாதம் ஏன் இனிக்கிறது? கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற பெயரில் சுமார் 500 கிராம் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது இதுதான். முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கிவிடும். பெரும்பாலும் தண்ணீர். ஆனால் மனசு அதைக் கொழுப்புக் கணக்கில் எழுதிக்கொண்டு, மாதம் எட்டுக் கிலோ என்று திட்டம் போட்டுவிடுகிறது. மூன்றாம் வாரம் உண்மையான வேகம் தெரிய வரும்போது ஏமாற்றம் தொடங்குகிறது.

அந்த உண்மையான வேகம் எவ்வளவு? ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி. ஒரு நாளைக்குத் தேவையைவிட 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3500. அதாவது 450 கிராம் கொழுப்பு, நாளொன்றுக்கு 65 கிராம். இந்த 65 கிராமை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பவும் வரும்.

சிரமமும் நாளாக நாளாகக் கூடுகிறது. கெவின் ஹால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை எடுத்த நீரிழிவுக்காரர்களின் தரவு அது. அவர்கள் டயட் எதுவும் இருக்கவில்லை, கலோரி போவதும் அவர்களுக்குத் தெரியாது. எடை குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி சராசரியாக நாளுக்குச் சுமார் 100 கலோரி கூடியது. உடல் செலவழிக்கும் ஆற்றல் குறைவதோ கிலோவுக்கு 20 முதல் 30 கலோரிதான். ஐந்து கிலோ குறைத்த ஒருவரின் உடம்பு, முன்பைவிட ஏறக்குறைய 500 கலோரி அதிகமாகக் கேட்கிறது என்று பொருள். முதல் வாரத்தில் எளிதாக இருந்த அதே தட்டு, எட்டாவது வாரத்தில் போதாமல் போவது இதனால்தான். பலன் சுருங்குகிறது, பசி வளர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் உங்கள் ஆறாவது வாரம்.

முதலில் எடை மெஷினைச் சமாளிப்போம், அதிகம் பேர் கைவிடுவது அதன் மேல் நின்றபடிதான்.

ஒரே நாளுக்குள் உடல் எடை ஒன்று முதல் இரண்டு கிலோ வரை ஏறி இறங்கும். உப்பு கூடுதலாகச் சாப்பிட்ட மறுநாள் ஏறும். மாவுப்பொருள் அதிகம் உண்டால் கிளைகோஜனும் தண்ணீரும் திரும்பி வந்து ஏறும். மலச்சிக்கல் இருந்தால் ஏறும். புதிதாக எடை தூக்கும் பயிற்சி தொடங்கினால் வலிக்கும் தசைகள் நீரைத் தேக்கி ஓரிரு வாரம் ஏற்றிவைக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஏறும். இத்தனைக்கும் நடுவே நீங்கள் தேடுவது நாளுக்கு 65 கிராம். கடல் அலையில் விரல் உயரத்தை அளக்கிற மாதிரி. இரண்டு வாரம் ஒழுங்காக இருந்து 900 கிராம் கொழுப்பு போயிருந்தாலும், ஒரு கிலோ தண்ணீர் அதை முழுசாக மூடிவிடும்.

ஆகவே ஒற்றை எண்ணைப் பார்க்காதீர்கள், வார சராசரியைப் பாருங்கள். காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடும் குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில், கடினமான தரையில் மெஷினை வைத்து எடை பாருங்கள். எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். வாரக் கடைசியில் ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுங்கள். ஓர் எடுத்துக்காட்டு. முதல் வாரம்: 84.6, 84.1, 85.0, 84.3, 84.9, 84.2, 83.9. சராசரி 84.4. இரண்டாம் வாரம்: 84.4, 83.8, 83.6, 84.7, 84.3, 83.7, 83.4. சராசரி 84.0. வாரத்துக்கு 400 கிராமுக்கு மேல் குறைந்திருக்கிறது, திட்டமிட்ட வேகம்தான். ஆனால் முதல் வாரத்தின் முதல் நாளையும் இரண்டாம் வாரத்தின் நான்காம் நாளையும் மட்டும் ஒருவர் பார்த்திருந்தால், பத்து நாள் பட்டினி கிடந்தும் 100 கிராம் ஏறியிருக்கிறது என்று நொந்துபோவார். எண்கள் அதே எண்கள்தான்.

மாதவிடாய் வருபவர்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட வேண்டாம். போன சுழற்சியின் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். முன்பு உணவுக் கோளாறு இருந்தவர்கள், அல்லது மெஷின் காட்டும் எண் அன்றைய பொழுதையே கெடுத்துவிடும் என்பவர்கள், தினமும் எடை பார்க்கவே வேண்டாம். இடுப்பளவு போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளங்கள். வயிற்றை உள்ளே இழுத்து அளப்பவர் தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்கிறார்.

எடை நின்றுவிட்டது என்று எப்போது சொல்லலாம்? மூன்று நான்கு வாரச் சராசரிகள் நகராமல், இடுப்பளவும் அப்படியே இருந்தால்தான். அதுவரை எதையும் மாற்ற வேண்டாம். அப்படியே நின்றிருந்தாலும், ‘மெட்டபாலிசம் செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டு இடங்களைச் சோதியுங்கள்.

ஒன்று, அளவு. எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன சிலரை ஆராய்ந்து 1992இல் வந்த ஓர் ஆய்வில், அவர்கள் உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாகச் சொல்லியிருந்தார்கள். உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, கண் அளவு அப்படித்தான். தொடக்கத்தில் அளந்து ஊற்றிய எண்ணெய் இரண்டு மாதத்தில் கை போன போக்கில் விழும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் கொட்டைப்பருப்பு சுமார் 170 முதல் 180. சமைக்கும்போது ருசி பார்ப்பது, குழந்தை மிச்சம் வைத்ததை முடிப்பது, சர்க்கரை போட்ட பானங்கள் இவையெல்லாம் கணக்கில் வருவதே இல்லை. மூன்று நாள், அதில் ஒன்று விடுமுறை நாளாக, எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். ஆயுள் முழுக்க எழுதச் சொல்லவில்லை. மூன்று நாள் போதும், ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, விடுமுறை நாள். ஐந்து நாள் 500 கலோரி வீதம் குறைத்தால் 2500 சேமிப்பு. மீதி இரண்டு நாளும் தேவைக்கு மேல் ஆயிரம் ஆயிரமாகப் போனால் 2000 செலவு. மிச்சம் 500 கலோரி, வாரம் முழுக்கப் பாடுபட்டதற்கு 65 கிராம். ஐந்து நாள் கஷ்டம் நிஜம், பலன் இல்லாததும் நிஜம். இந்த நிலையில் ஊக்கம் போகாமல் என்ன செய்யும்?

அடுத்து, குறைக்கும் அளவு. வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை போதும். 86 கிலோ உள்ளவருக்கு இது 430 முதல் 860 கிராம். சலிக்கும் ஆள் என்று தெரிந்தால் கீழ் எல்லையிலேயே இருங்கள். வேகமாகக் குறைத்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் தசை கரைவதும் கூடும், மனசும் சாப்பாட்டையே சுற்றும். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். எடையில் சுமார் கால் பங்கு போயிற்று. கூடவே சமையல் குறிப்புகளைச் சேகரிப்பது, சாப்பாட்டைப் பற்றியே கனவு காண்பது, எரிச்சல், சோர்வு, எதிலும் நாட்டமின்மை எல்லாம் வந்தன. மன உறுதியைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கே அந்த கதி. கடும் டயட்டில் இருப்பவருக்கு ஊக்கம் போவது பசியின் ஓர் அறிகுறி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பசியைக் குறைக்கப் புரதம் உதவும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம், அதை மூன்று நான்கு வேளைக்குப் பிரித்து. எடை மிக அதிகம் உள்ளவர்கள் இலக்கு எடையை வைத்துக் கணக்கிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. தட்டில் பாதி காய்கறி. தூக்கத்தைப் பற்றி ஒரே ஒரு தகவல்: 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே உணவுத் திட்டத்தில் 8.5 மணி நேரம் படுக்கையில் கழித்தபோது இருந்ததோடு ஒப்பிட்டால், 5.5 மணி நேரம் மட்டுமே கழித்தபோது குறைந்த எடையில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போயிற்று. பசியும் கூடியது.

இப்போது இலக்கு. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமன் உள்ள 60 பெண்கள் தங்கள் எடையில் சராசரியாக 32 சதவீதம் குறைய வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 17 கிலோ குறைந்தால்கூட அது ஏமாற்றம்தான் என்றார்கள். 48 வாரத்தில் சராசரியாக 16 கிலோ குறைந்தது. 16 கிலோ! மருத்துவர் கைகுலுக்க வேண்டிய அளவு. ஆனால் பாதிப் பேருக்கு அவர்களே சொன்ன ‘ஏமாற்றம்’ என்ற அளவைக்கூட எட்ட முடியவில்லை. இலக்கைத் தவறாக வைத்தால் வெற்றியும் தோல்வியாகத்தான் தெரியும். முதல் இலக்கு 5 சதவீதம், அடுத்தது 10. 86 கிலோவுக்கு 81.7, பிறகு 77.4. இது சமாதானத்துக்குச் சொல்வது அல்ல. 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக வைத்த குழுவில் நீரிழிவு புதிதாக வருவது 58 சதவீதம் குறைந்தது.

எடையோடு இன்னும் ஓரிரண்டு அளவுகளையும் குறித்து வையுங்கள். ரத்த அழுத்தம் (ஒரு கிலோ குறைந்தால் சராசரியாக ஒரு புள்ளி இறங்கும்), காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு, மூன்று மாடி ஏறியபின் மூச்சு சமநிலைக்கு வர ஆகும் நேரம், பழைய கால்சட்டை ஒன்று. எடை அசையாத வாரங்களில் இவற்றில் ஒன்றாவது அசையும்.

ஊக்கம் இல்லாத நாளுக்கான ஏற்பாடு என்று மேலே சொன்னதற்கு வருகிறேன். ஒரு தாளில் உங்கள் ‘குறைந்தபட்ச நாள்’ எது என்று எழுதுங்கள். காய்ச்சல் விட்ட மறுநாளிலும், அலுவலகத்தில் வறுத்தெடுத்த நாளிலும் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். உதாரணமாக: பத்து நிமிட நடை, ஒரு வேளையாவது புரதமும் காய்கறியுமாக, காலை எடையை எழுதுவது. மூன்றே மூன்று. இதைச் செய்துவிட்டால் அன்றைய நாளுக்கு முழு டிக் போடுங்கள், அரை டிக் கிடையாது. பலர் நல்ல நாளின் திட்டத்தை மட்டும் எழுதி வைக்கிறார்கள். ஒரு மணி நேர ஜிம், நான்கு வேளை அளந்த சாப்பாடு. அது முடியாத நாளில் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறார்கள். அறுபது நிமிடத்துக்கும் பூஜ்யத்துக்கும் இடையில் இருக்கும் பத்து நிமிடத்தை யாரும் திட்டமிடுவதில்லை.

லண்டனில் ஆய்வாளர் பிலிப்பா லாலியும் அவர் குழுவும் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு புதிய செயல் பழக்கமாக ஊறச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி 22ஆம் நாள் ஏமாறாதீர்கள். அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்று, ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

தடுமாறும் இடம் எது என்று உங்களுக்கே தெரியும். அதற்கு ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்த உத்தி இது. “இனி இரவில் கொறிக்க மாட்டேன்” என்பது விருப்பம். “இரவு பத்துக்கு மேல் சமையலறைப் பக்கம் கால் போனால், முதலில் பல் தேய்த்துவிடுவேன்” என்பது திட்டம். ‘மாட்டேன்’ என்று முடியும் வாக்கியம் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. அதனால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்காது. ஒரே சமயத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் எழுதாதீர்கள், பதினைந்து எழுதினால் ஒன்றும் நினைவுக்கு வராது.

வழுக்கிய நாளைப் பற்றி. ஹெர்மன், மாக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1975இல் செய்த பரிசோதனையில், டயட் இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். டயட்டில் இருந்தவர்கள் மில்க்‌ஷேக் குடித்தபின் இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். ‘இன்று கெட்டது கெட்டுவிட்டது, நாளையிலிருந்து பார்க்கலாம்’ என்ற மனநிலைதான். கணக்கைப் பாருங்கள். தேவைக்கு மேல் 1500 கலோரி சாப்பிட்ட ஒரு நாளால் சேரக்கூடியது சுமார் 200 கிராம் கொழுப்பு, மூன்று நாள் வேலை. மறுநாள் மெஷின் ஒன்றரைக் கிலோ ஏற்றிக் காட்டும், மீதி தண்ணீரும் குடலில் உள்ள உணவும். நான்கைந்து நாளில் போய்விடும். செய்ய வேண்டியது, அடுத்த வேளையை வழக்கமான அளவில் சாப்பிடுவது. பட்டினி வேண்டாம், தண்டனையாக இரண்டு மணி நேர ஓட்டம் வேண்டாம். பட்டினி போட்டால் மறுநாள் மாலை மீண்டும் அதே கதை. நாளையை விடவும் திங்கட்கிழமையை விடவும் அடுத்த வேளை சாப்பாடு அருகில் இருக்கிறது.

உடற்பயிற்சியை எடைக் குறைப்பின் கூலியாகப் பார்க்காதீர்கள். 80 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 130 கலோரி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அளவு. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி அதைச் சாப்பாட்டில் திரும்ப எடுத்துக்கொள்பவர்கள்தான் ‘நடந்தும் குறையவில்லை’ என்கிறார்கள். வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி தசையைக் காப்பதற்கு. நடை, குறைந்த எடை திரும்ப ஏறாமல் இருப்பதற்கு.

எல்லோரிடமும் அறிவித்துவிட்டுத் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. “என்ன, இன்னும் குறையவே இல்லையே?” என்று கேட்பவர் எண்ணிக்கைதான் கூடும். ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை அவருக்கு அனுப்ப வேண்டியது எத்தனை நாள் டிக் விழுந்தது என்பது, எடை அல்ல. டிக் உங்கள் கையில் இருக்கிறது, எடை இல்லை.

பத்து வாரம் ஆனதும், சலிப்பு வந்தாலும் வராவிட்டாலும், இரண்டு வாரம் குறைப்பதை நிறுத்துங்கள். எடை ஏறாமல் இறங்காமல் இருக்கும் அளவுக்குச் சாப்பிடுங்கள், நடையும் தூக்கமும் எடை எழுதுவதும் தொடரட்டும். முதல் சில நாளில் அரை முதல் ஒன்றரைக் கிலோ வரை ஏறலாம். கிளைகோஜனும் தண்ணீரும் திரும்புகின்றன, பயப்படாதீர்கள். தேதி குறித்துத் தொடங்கி தேதி குறித்து முடிக்க வேண்டும். முடிவுத் தேதி இல்லாத இடைவெளிக்குப் பெயர் கைவிடுவது.

நான்கு வாரம் எல்லாம் அளந்தும் நகரவில்லை, கூடவே கடும் சோர்வு, குளிர் தாங்காமை, முடி கொட்டுவது, மாதவிடாய் தவறுவது இருந்தால் தைராய்டும் சினைப்பை நீர்க்கட்டியும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். தானாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன்பே மருந்தளவைப் பற்றிப் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டயட்டில் மட்டும் இல்லாமல் எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் நாட்டமில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

இலக்கை எட்டியபின் வரும் சிக்கல் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இறங்கும் எண் என்ற பரிசு அன்றோடு நின்றுவிடும். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது தக்கவைத்தவர்களைச் சேர்த்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்த்தார்கள், பெரும்பாலோர் தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடலை அசைத்தார்கள். ஆகவே எட்டிய எடைக்கு மேலே இரண்டு கிலோவில் ஒரு கோடு போடுங்கள். வார சராசரி அதைத் தாண்டினால், காரணம் தேடாமல் பழைய குறிப்பேட்டை எடுத்து, மூன்று நாள் தராசில் நிறுத்து எழுதுவதிலிருந்து மறுபடி தொடங்கி, சராசரி கோட்டுக்குக் கீழே வரும்வரை 500 கலோரி குறைத்துச் சாப்பிடுங்கள்.